கேப்பர் மலையில் ஒரு கூழாங்கல்

மஞ்சக்குப்பத்திலிருந்து:

எங்க வீட்டில் அப்பா "மலைக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் அது கடலூரை ஒட்டியிருக்கும் கேப்பர் மலைதான். ஏலகிரி, கொல்லிமலை பார்த்தவர்கள் இதை மலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். செம்மண் மேடு, அவ்வளவுதான் என்பார்கள். தேவனாம்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க இறங்கித் தள்ளியவனுக்கு அது மலைதான்.

தானே புயல் அடித்துச் சில மாதம் கழித்து ராமாபுரம் பக்கம் போயிருந்தேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அடித்த காற்றில் முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்த காலம். ஒரு பெரியவர் விழுந்த பலா மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கேட்டேன். சொம்பில் கொடுத்துவிட்டு, மரம் பிடுங்கிக்கொண்டு போன பள்ளத்தைக் காட்டினார். உள்ளே ரத்தச் சிவப்பாய் மண். நடுவில் வரி வரியாகக் கூழாங்கற்கள். ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்து என் கையில் வைத்தார். முட்டை மாதிரி வழவழப்பு. வேட்டியில் செம்மண் தீற்றல் விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

"ஆத்துல உருண்ட கல்லு தம்பி இது. மேட்டுக்கு எப்படி வந்துச்சு?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். மேடு ஆவதற்கு முன்னால் இங்கே ஆறு ஓடியிருக்கிறது. பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் கல்லும் இறுகித்தான் இந்த மேடு. நிலவியலில் இதற்குப் பெயரே 'கடலூர் மணற்கல்'. நம் ஊர்ப் பெயர்! நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேலே அள்ளி அப்புறப்படுத்துவதும் இதே பாறைதான். திருவக்கரையில் கல்லாகிப் படுத்திருக்கும் மரங்களும் இதற்குள்தான் இருந்தன. மணற்பாங்கான பாறை என்பதால் மழைத் தண்ணீரை அப்படியே குடித்துக்கொள்கிறது. இதை வெறும் கிராவல் மண்ணாக நினைத்து லாரி லாரியாக அள்ளுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கிளம்பும்போது அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பலாக் கன்று நட்டிருந்ததைக் காட்டினார். "இது காய்க்கிறப்ப வா தம்பி" என்றார்.

கூத்தப்பாக்கத்திலிருந்து:

தம்பி, மலை என்றால் எனக்குத் திருவந்திபுரம் ஔஷதகிரிதான். என் கல்யாணம் அங்கேதான் நடந்தது. முகூர்த்த நாளில் ஒரே நேரத்தில் எத்தனை மேளம்! எங்கள் தாலி கட்டுக்கு அடித்த கெட்டிமேளம் எது, பக்கத்து ஜோடிக்கு அடித்தது எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 74 படி ஏறி ஹயக்ரீவரைக் கும்பிட்டோம். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகையில் விழுந்த துண்டு இது, அதனால்தான் மூலிகை மலை என்று மாமியார் சொன்னார். கோயில் கிணறான சேஷ தீர்த்தத்தில் வேண்டுதலுக்கு உப்பு, மிளகு போட்டோம். கெடிலம் ஆறு அங்கே வடக்குப் பார்த்து ஓடும், அது விசேஷம். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்த இடம், அவர் தன் கையால் வெட்டியது என்று சொல்லும் கிணறும் உண்டு.

கேப்பர் மலையிலிருந்து:

நான் சிறைக் குடியிருப்பில் வளர்ந்தவன். அப்பா காவலர். கடலூர் மத்தியச் சிறை இந்த மேட்டில்தான் இருக்கிறது. பாரதியார் பத்தாண்டு புதுச்சேரியில் இருந்துவிட்டு, 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கைதாகி இங்கேதான் சில வாரம் அடைபட்டிருந்தார். பத்து வயதில் அப்பா ஒருநாள் அந்த அறையைக் காட்டக் கூட்டிப்போனார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். கோயிலில்கூட "சீக்கிரம் வா" என்று அவசரப்படுத்துகிற மனுஷன், அங்கே பேசாமல் நின்றார். சாயங்காலம் கடல்காற்று ஏறி வரும்போது எனக்கு அந்த நிற்பு ஞாபகம் வரும்.

குண்டு உப்பலவாடியிலிருந்து:

கீழே இருக்கிற எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. 1690-ல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எட்டுகிற தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று ஏற்பாடு. அப்படிச் சேர்ந்தவைதான் குண்டு கிராமங்கள். எங்கள் ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோட்டையில் இப்போது மிச்சம் அதிகம் இல்லை.

கூத்தப்பாக்கத்திலிருந்து:

தம்பி, அந்தப் பெரியவரைத் திரும்பப் போய்ப் பார்த்தீர்களா? கன்று என்ன ஆச்சு?

மஞ்சக்குப்பத்திலிருந்து:

போனேன் அக்கா, போன வைகாசியில். பெரியவர் இல்லை, மகன் இருந்தார். சுற்றிலும் வாழை, சவுக்குக் கழி முட்டுக் கொடுத்து நிற்கிறது. பலா அடிமரத்திலேயே மூன்று காய். ஒன்றை அறுத்துக் கொடுத்தார். பால் கையில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் போகவில்லை.