ஷாஃப்ட்ஸ்பரி பிரபு பற்றி ஒரு உதவி
நண்பர்களே, தொழிலாளர் நலனுக்காகப் போராடிய ஆங்கிலேய அரசியல்வாதி ஏழாவது ஷாஃப்ட்ஸ்பரி பிரபு (1801–1885) பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கிய 1842 சுரங்கச் சட்டம் வரை சரியாக வந்துவிட்டது. 1846இல், வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டங்களை நீக்கலாம் என்று மனம் மாறியதும் இங்கிலாந்தின் டார்செட் பகுதி எம்.பி. பதவியை விட்டார். அடுத்த ஆண்டு, ஆலைகளில் பெண்கள், இளம் வயதினரின் தினசரி வேலையைப் பத்து மணி நேரமாகக் கட்டுப்படுத்திய பத்து மணி நேரச் சட்டம் நிறைவேறியபோது அவையில் அவர் இல்லை. முன்னின்று நிறைவேற்றியவர் ஜான் ஃபீல்டன், அவரே பருத்தி ஆலை முதலாளி!

நான் தேடுவது வேறு. ஆலைத் தொழிலாளிக்காகப் பேசுகிறவரின் அப்பா நிலத்திலேயே பண்ணைக் கூலிகள் வறுமையில் கிடக்கிறார்களே என்று எதிராளிகள் குத்திக்காட்டினார்கள். நியாயமான குத்துதான். அந்த டார்செட் கூலிகளைப் பற்றி விரிவாகப் பேசும் புத்தகம் ஏதாவது தெரியுமா? அப்புறம், அவருடைய நாட்குறிப்பை இணையத்தில் படிக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.