தொட்டி நிறைய தீவனம், கையில் தோல்முட்டை: உங்கள் அனுபவம் என்ன?

செவலைக்காரி

கம்பி வலைக்குள் நான்கு பெட்டைக் கோழிகள். லேயர் தீவனம்தான், அதாவது முட்டையிடும் கோழிக்கான தீவனம்தான் போடுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். பொய்யில்லை, போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் காலையில் கூட்டைத் திறந்ததும் ஒரு கை உடைத்த மக்காச்சோளம், மதியம் மிஞ்சிய ரொட்டி, மாலையில் கூப்பிட்டு அடைக்க இன்னொரு கை. தொட்டியில் தீவனம் குறையாமலே கிடந்தது கண்ணில் பட்டும் மனத்தில் படவில்லை.

அன்று விடியற்காலையில் முட்டைப் பெட்டிக்குள் கை விட்டேன். வெதுவெதுப்பாக, ஈரமாக, தொட்டால் குழிகிற ஏதோ ஒன்று. எடுத்துப் பார்த்தால் ஓடே இல்லாத தோல்முட்டை. வெளிச்சத்தில் பிடித்தபோது மஞ்சள் கரு உள்ளே நிழல்போல் நகர்ந்தது. செவலை என் காலடியில் நின்று மற்றொரு கையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது, சோளத்துக்காக. அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இரட்டைக்கூடு

உங்களுக்கு முட்டை மட்டும் போயிற்று, அம்மா. எனக்குக் கோழியே போய்விட்டது. சூரியகாந்தி விதை என்றால் கருப்பி என் மடியில் ஏறிவிடும். முட்டை குறையவில்லை, உடம்பும் கொழுகொழுவென்று இருந்தது, அதனால் ஆரோக்கியம் என்றே நம்பினேன். ஒரு நாள் காலையில் கூட்டின் தரையில் கிடந்தது. காயம் இல்லை, கொண்டை மட்டும் வெளிறிப்போயிருந்தது.

கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டினார். வயிறு முழுக்க மஞ்சள் கொழுப்பு. கல்லீரலை விரலால் தொட்டதும் ஈர மண்போல் உதிர்ந்தது, அதன்மேல் பெரிய ரத்தக் கட்டி. கொழுப்பு ஏறிய கல்லீரல் கிழிந்து உள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். முதல்நாள் மாலைகூட என் உள்ளங்கையில் கொத்தித் தின்றது.

வெட்டவெளி

இருவருக்கும் நேர்ந்தது வருத்தமே. ஆனாலும் எல்லாப் பழியையும் தானியத்தின் தலையில் போடுவதை என்னால் ஏற்க முடியாது. முட்டையிடத் தொடங்கும் இளம் பெட்டை தோல்முட்டை போடும். வயதான கோழி போடும். கடும் வெயில், இரவில் ஏற்பட்ட பயம், நோய் எதனாலும் வரும். என் கோழிகள் பகல் முழுதும் மேய்கின்றன, புழு பூச்சி தின்கின்றன, சோளமும் தின்கின்றன. ஓடு கல்லாக இருக்கிறது.

தராசு

வெட்டவெளி ஐயா, மேய்கிற கோழி பூச்சியில் புரதத்தைத் தேடிக்கொள்ளும். நான்கு சுவருக்குள் இருக்கும் கோழிக்கு நாம் வைப்பதுதான் உலகம். செவலைக்காரி அம்மா சொன்னது அந்தக் கோழியைப் பற்றி. இரண்டையும் ஒரே கோலால் அளக்கக் கூடாது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதிவிடுகிறேன். ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குத் தின்பது ஏறக்குறைய 100 முதல் 120 கிராம். அதில் நொறுக்குத்தீனி பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நான்கு கோழிக்கும் சேர்த்து நாற்பது சொச்சம் கிராம், குவித்தால் ஒரே கைப்பிடி. ஆக, அந்தக் காலைக் கைப்பிடியோடு அன்றைய கணக்கு முடிந்துவிட்டது. லேயர் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம், மக்காச்சோளத்தில் 8, 9 தான். கால்சியம் என்கிற சுண்ணாம்புச்சத்தில் வித்தியாசம் இன்னும் கொடியது: தீவனத்தில் 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும், சோளத்தில் இல்லை என்றே சொல்லலாம். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் படிகிறது. அப்போது வயிற்றில் சத்து இல்லையென்றால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

அதனால் காலையில் தீவனம் மட்டும் வையுங்கள். தின்பண்டம் பிற்பகலில், வயிறு நிறைந்த பிறகு. கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். குஞ்சுகளுக்கு லேயர் தீவனம் கூடாது, மிகுதியான கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முழுத் தானியம் போட்டால், அதை வயிற்றுக்குள் அரைக்கும் அரைவைப்பைக்குப் பொடிக்கல் வேண்டும். பூஞ்சை பிடித்த ரொட்டி, வேகாத பயறு, அவகேடோ தோலும் கொட்டையும் கிட்டவே வரக் கூடாது.

என் கதை சின்னது. இறகு உதிர்க்கும் பருவத்தில், பாவம் என்று சோளத்தை அள்ளிப் போட்டேன். இறகே பெரும்பாலும் புரதம்தானே! முதுகெல்லாம் விரியாத இறகு முள்முள்ளாக, வாரக்கணக்கில் அப்படியே நின்றது அந்தக் கோழி. சமைத்த முட்டையைப் பிசைந்து கொடுத்திருக்கலாம்.

ஐந்து பெட்டை

எங்கள் வீட்டில் நான் ஒரு கை, அப்பா ஒரு கை, பிள்ளைகள் ஆளுக்கொரு கை. ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. ஒருநாள் அதிகாலையில் வெள்ளைக் கோழியைத் தூக்கினேன். தின்றது முதலில் தங்கும், கழுத்தடியில் உள்ள தீனிப்பை விடிவதற்குள் காலியாகியிருக்க வேண்டும், அது பந்துபோல் இறுகிக் கிடந்தது. அப்போதுதான் எல்லோரையும் கூட்டிவைத்துக் கேட்டேன். பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த இறுக்கம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

செவலைக்காரி

தராசு ஐயா கணக்குச் சொன்னதும் ஒரு கைப்பிடியை எடைபோட்டுப் பார்த்தேன். 46 கிராம். இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று வயிற்றைப் பிசைந்தது.

சோளத்தை முழுவதும் நிறுத்தி ஒன்பது நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் தொட்டிப் பக்கமே போகாமல் கம்பி வலையோரம் நின்று என்னைக் கூப்பிட்டன. உள்ளே போய்விட்டேன், பார்த்தால் மனம் இளகிவிடும். நேற்று செவலையின் முட்டை ஓட்டோடு வந்தது. மெல்லியது, ஒரு முனையில் சொரசொரப்பு. பெட்டியிலிருந்து எடுக்கும்போது இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டேன்.