ஹார்மோன் ஊசி தொடங்கிய பிறகு முதுகு வளைவு கூடியிருக்கிறது: நிறுத்தச் சொல்வதா?

இயன்முறை_கூடம்:

பிசியோதெரபி பக்கமிருந்து ஒரு கேள்வி. குழந்தைகள் ஹார்மோன் டாக்டர்களும் ஸ்பைன் பார்ப்பவர்களும் பதில் சொன்னால் நல்லது.

டர்னர் சிண்ட்ரோம் (எக்ஸ் குரோமோசோம் ஒன்று இல்லாததால் அல்லது குறைபட்டதால் உயரம் குறையும் நிலை) உள்ள பெண் குழந்தை. வயது ஒன்பதரை, எடை 24 கிலோ, எலும்பு வயது (எலும்பின் முதிர்ச்சி காட்டும் வயது) 8. ஓராண்டாக சோமட்ரோபின் (வளர்ச்சி ஹார்மோன் ஊசி) போகிறது, கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.045 மி.கி., இரவில். ஊசிக்கு முன் ஆண்டுக்கு 4 செ.மீ. வளர்ந்தவள் இந்த ஓராண்டில் 8.5 செ.மீ. வளர்ந்திருக்கிறாள். கோப்பில் உள்ள பழைய எக்ஸ்ரேயில் வலப்பக்க மார்பு வளைவு, காப் கோணம் (எக்ஸ்ரேயில் அளக்கும் வளைவின் அளவு) 12 டிகிரி. இப்போது எடுத்ததில் 19. குனியவைத்து ஸ்கோலியோமீட்டரில் (முதுகின் சுழற்சியை அளக்கும் கருவி) பார்த்தால் 8 டிகிரி. வலி இல்லை, காலில் பலவீனம் இல்லை.

பெற்றோர் ஊசியால்தான் முதுகு வளைந்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள், நிறுத்திவிடலாமா என்கிறார்கள். ஊசி உண்மையிலேயே வளைக்குமா? நிறுத்தினால் பலன் உண்டா, டோஸைக் குறைத்தால் போதுமா? அடுத்த எக்ஸ்ரே எப்போது? இப்போதே பிரேஸ் (வளைவு கூடாமல் உடம்பைச் சுற்றி அணியும் உறை) போடலாமா?

சுரப்பி_டாக்டர்:

ஊசி முதுகை வளைப்பதில்லை. வளரும் வேகத்தைக் கூட்டுகிறது. முன்பே கோணத் தொடங்கிய முதுகில் அந்த வேகம் கோணலையும் சேர்த்து வளர்க்கிறது. வளைவின் உட்பக்கம் அழுத்தத்தில் இருப்பதால் அங்குள்ள வளர்ச்சித் தட்டு மெதுவாக வளரும், வெளிப்பக்கம் அழுத்தம் குறைந்து வேகமாக வளரும். எலும்பியலில் ஹூட்டர்–வோல்க்மன் விதி என்பது இதுதான். முதுகெலும்பு ஆப்பு வடிவமாகிறது, அதனால் வளைவு கூடுகிறது, அதனால் அழுத்த வித்தியாசம் இன்னும் கூடுகிறது. ஆண்டுக்கு 4 செ.மீ. வளரும்போது மெல்ல நடப்பது 8.5 செ.மீ.யில் சீக்கிரம் நடக்கும். ஊசியே போடாத குழந்தைக்குப் பூப்பெய்தும் காலத்தில் வளைவு திடீரென்று கூடுவதும் இதே கணக்கில்தான்.

சோமட்ரோபின் மருந்துகளின் அமெரிக்க விவரத்தாளில் இரண்டும் சொல்லப்பட்டிருக்கின்றன: முன்பே ஸ்கோலியோசிஸ் (முதுகு பக்கவாட்டில் வளைவது) இருந்தால் வேகமாக வளரும்போது கூடலாம், கண்காணியுங்கள், ஆனால் ஸ்கோலியோசிஸ் புதிதாக வருவதை இந்த ஊசி அதிகமாக்குவதாகக் காட்டப்படவில்லை. பெற்றோர் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள். டர்னர், பிரேடர்–வில்லி, நூனன் ஆகிய மூன்று மரபணுக் கோளாறுகளிலும் ஊசி இல்லாமலேயே முதுகு வளைவு மற்ற குழந்தைகளைவிட அதிகம். இந்த மூன்றுக்கும் ஊசி கொடுக்கிறோம். அதனால்தான் இரண்டும் சேர்ந்தே கண்ணில் படுகின்றன.

நிறுத்துவதற்கு என்ன விலை என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். 2005-இல் வெளியான கனடா ஆய்வில் வாரத்துக்குக் கிலோவுக்கு 0.3 மி.கி. போட்ட டர்னர் பெண்கள், போடாதவர்களைவிடச் சராசரியாக 7.2 செ.மீ. அதிகம் வளர்ந்தார்கள். இந்தக் குழந்தையின் டோஸும் கிட்டத்தட்ட அதுவே: 24 × 0.045, நாளுக்கு 1.08 மி.கி., அதாவது சுமார் 3.2 யூனிட். நிறுத்தினால் ஏற்பட்ட வளைவு நேராகிவிடாது. எலும்பு வயது 8 என்பதால் பருவ வேகம் பின்னால் எப்படியும் வரும், வளைவும் அப்போது தன் வேலையைக் காட்டும். உயரத்தை இழந்ததுதான் மிச்சம்.

டோஸைக் குறைப்பதற்கு ஐஜிஎஃப்-1 (ஊசியால் ரத்தத்தில் கூடும் வளர்ச்சிக் காரணி) என்ற தனிக் காரணம் உண்டு. வயதுக்கான சராசரிக்கு மேல் 2 எஸ்.டி.க்குள் (திட்ட விலகல்) இருந்தால் தொட வேண்டாம். 2-க்கும் 3-க்கும் நடுவே இருந்தால் குழந்தையைப் பார்த்து முடிவெடுக்கலாம். 3-ஐத் தாண்டினால் முதுகு நேராக இருந்தாலும் குறைத்தே ஆக வேண்டும். காப் கோணத்தை மட்டும் வைத்து டோஸை ஏற்றி இறக்குவது எனக்கு உடன்பாடில்லை.

முள்ளெலும்பு_ஆர்த்தோ:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் 12, 19 என்ற எண்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். காப் அளவீட்டில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் 5 டிகிரி வரை வித்தியாசம் சாதாரணம். அதற்கு மேல் போனால்தான் கூடியது என்போம். 7 டிகிரி அந்த எல்லையைத் தாண்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு படமும் ஒரே மாதிரி எடுத்தவையா? ஒன்று படுக்கவைத்து எடுத்ததென்றால் ஒப்பிடவே கூடாது, படுக்கும்போது வளைவு தளர்ந்து கணிசமாகக் குறைவாகத் தெரியும். இரண்டிலும் ஒரே மேல்முனை, கீழ்முனை எலும்புகளை வைத்துத்தான் கோடு போட்டார்களா? மேல்முனை எலும்பின் மேல் விளிம்பு, கீழ்முனை எலும்பின் கீழ் விளிம்பு. ஒரு படத்தில் டி5–டி11 (மார்பு முள்ளெலும்புகளின் வரிசை எண்), இன்னொன்றில் டி6–டி12 என்றால் அந்த வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை. ரிப்போர்ட்டில் எண் மட்டும் இருந்தால் படத்தை வாங்கி நீங்களே அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பத்து வயதுக்குள் 20 டிகிரியை எட்டும் வளைவுக்கு முழு முதுகெலும்பு எம்ஆர்ஐ கேட்பது வழக்கம். இவள் வாசலில் நிற்கிறாள். வலப்பக்க மார்பு வளைவு, நரம்பு அறிகுறி இல்லை, அதனால் அவசரமில்லை. தொப்புளைச் சுற்றி நான்கு பக்கமும் சாவி முனையால் கீறி வயிற்று அனிச்சையை (வயிற்றுத் தசை தானாகச் சுருங்குகிறதா என்று) பாருங்கள். ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வரவில்லை, அல்லது பாதம் ஒரு பக்கம் குழிந்திருக்கிறது என்றால் காத்திருக்காமல் எம்ஆர்ஐ. இடப்பக்க மார்பு வளைவாக இருந்திருந்தால் எதுவும் பார்க்காமலே கேட்டிருப்பேன். ஹார்மோன் குறைபாட்டுக்காக ஊசி போடும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பிட்யூட்டரி எம்ஆர்ஐ ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். அதே படத்தில் சிறுமூளையின் டான்சில்கள் (அதன் அடிப்பகுதி முனைகள்) கீழே இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது இலவசம்.

இயன்முறை_கூடம்:

நன்றி டாக்டர். கோப்பை வாங்கிப் பார்த்தேன். பழையது படுக்கவைத்து எடுத்த படம்தான், ஓரத்தில் குறித்திருக்கிறார்கள். புதியது நின்றபடி முழு முதுகு. வயிற்று அனிச்சை இருபுறமும் வருகிறது. ஐஜிஎஃப்-1 +1.4 எஸ்.டி.

முள்ளெலும்பு_ஆர்த்தோ:

அப்படியானால் 12 கணக்கில் வராது. இந்த 19-தான் உங்கள் முதல் அளவு. ஊசிக்கு முன்பே 17 இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஊசி தொடங்குமுன் குனியவைத்துப் பார்த்து, சந்தேகமிருந்தால் நின்றபடி ஒரு படம் எடுத்துவைத்திருந்தால் பெற்றோரின் கேள்விக்கு இன்று நேரடிப் பதில் இருந்திருக்கும்.

அடுத்த படம் ஆறு மாதத்தில். நின்றபடி, காலணி இல்லாமல், கதிர் முதுகுப் பக்கமிருந்து மார்புப் பக்கம் போகும்படி. அப்போதுதான் மார்பகத்துக்கும் தைராய்டுக்கும் படும் கதிர் குறையும். ஒரு கால் குட்டையாக இருந்தால் அதன் கீழே அட்டை வைத்து இடுப்பைச் சமப்படுத்தி எடுக்க வேண்டும், அடுத்த முறையும் அதே தடிமன் அட்டை. இடுப்பு எலும்பின் மேல் விளிம்பு படத்துக்குள் வரட்டும், ரிஸ்ஸர் நிலையும் (இடுப்பு எலும்பை வைத்து வளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அளவு) அதிலேயே கிடைத்துவிடும்.

இடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோலியோமீட்டர் போதும். 2017-இல் வெளியான டர்னர் பன்னாட்டு வழிகாட்டுதல் ஊசிக் காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதுகைச் சோதிக்கச் சொல்கிறது. அது வளைவே இல்லாத குழந்தைக்கும் பொருந்தும் குறைந்தபட்சம். வளைவு தெரிந்துவிட்ட குழந்தைக்கு மூன்று மாதம். ஸ்கோலியோமீட்டரில் 2–3 டிகிரி கூடினால் ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டாம். உள்ளங்கைகளைச் சேர்த்து, முழங்கால் மடங்காமல், மெதுவாகக் குனியட்டும். கருவியின் நடுப்பள்ளம் முள்ளெலும்பு மேல், அழுத்தாமல். மார்பு, மார்பு–இடுப்புச் சந்தி, இடுப்பு மூன்றையும் எழுதுங்கள். ஒரே எண்ணை எழுதினால் அது எந்த மட்டம் என்று அடுத்த முறை உங்களுக்கே தெரியாது.

பிரேஸ்_பட்டறை:

பிரேஸ் கேள்விக்கு: 19-இல் வேண்டாம். வழக்கமான கணக்கு, வளர்ச்சி மிச்சமுள்ள குழந்தைக்கு 25 முதல் 40 டிகிரி வரை. 20-ஐத் தாண்டி, இரண்டு படங்களுக்கு நடுவே 5 டிகிரிக்கு மேல் கூடியது தெரிந்தால் 25 வரை காத்திருக்காமலும் போடுவார்கள். 45–50-க்கு மேல் அறுவைப் பேச்சு.

எண்களைப் பெற்றோரிடம் சொல்லும்போது எச்சரிக்கை தேவை. 2013-இல் வந்த பிரெய்ஸ்ட் ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதமும் போடாதவர்களில் 48 சதவீதமும் 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தார்கள். நாளுக்குச் சராசரியாக 12.9 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல். ஆனால் அது காரணம் தெரியாத ஸ்கோலியோசிஸ் உள்ள 10–15 வயதினர். டர்னர் குழந்தைக்கு அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது.

ஊசி போகும் குழந்தைக்குப் பிரேஸ் செய்யும்போது நாங்கள் பார்க்கும் சிக்கல்கள் வேறு. ஆண்டுக்கு 8–9 செ.மீ. வளர்வதால் பிரேஸ் சீக்கிரம் குட்டையாகிவிடும். அக்குள் விளிம்பு கீழே இறங்கி, அழுத்தும் பேட் வளைவின் உச்சிக்குக் கீழே போய்விடும். அப்படியே அணிந்தால் மணி நேரம் சரியாக இருந்தும் வளைவு கூடும். குழந்தை போடவே இல்லை என்று வீட்டில் பழி விழும். ஆகவே 3–4 மாதத்துக்கு ஒருமுறை பேட் நிற்கும் இடத்தைச் சரிபார்க்க வேண்டும். பிரேஸோடு எடுக்கும் படத்தில் வளைவு பாதியாவது குறைந்திருந்தால் நல்ல பொருத்தம். கண்காணிப்புப் படத்துக்கு மட்டும் முந்தைய நாளே கழற்றிவிட வேண்டும், எத்தனை மணி நேரம் முன்பு என்பதை ஒவ்வொரு முறையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போடும் இடமும் முக்கியம். வயிற்றில் போட்டுவிட்டு அதன்மேல் பிரேஸை இறுக்கினால் தோல் சிவந்து எரியும். தொடையின் முன்புறமோ வெளிப்புறமோ போடுங்கள், இடம் வலம் மாற்றி மாற்றி. ஒரே இடத்தில் தொடர்ந்து போட்டால் கொழுப்பு குழிந்துவிடும்.

சுரப்பி_டாக்டர்:

இன்னொரு கோணம். வளைவு கூடும்போது உடம்பு உயரத்தை இழக்கிறது. 50 டிகிரியில் இந்த இழப்பு 2 செ.மீ.க்கு மேல். வளர்ச்சி அட்டவணையில் பார்த்தால் ஊசி வேலை செய்யவில்லை போலத் தெரியும், உடனே டோஸை ஏற்றத் தோன்றும். சுவரில் அளந்த உயரத்தோடு உட்கார்ந்த உயரத்தையும் அளந்துவையுங்கள். கால் வளர்ந்துகொண்டே இருந்து உட்கார்ந்த உயரம் மட்டும் நின்றுவிட்டால் டோஸை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள். புற்றுநோய்க்கு மூளை–முதுகெலும்புக் கதிர்வீச்சு பெற்ற பிள்ளைகளுக்கு இது வேறு மாதிரி: அங்கே முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகளே சேதமாகியிருக்கும், ஊசி போட்டால் கால்தான் நீளும்.

இந்தக் குழந்தைக்கு 11–12 வயதில் ஈஸ்ட்ரோஜன் சிறு டோஸில் தொடங்குவார்கள். அதுவரையும் அதற்குப் பிறகு சில ஆண்டுகளும் ஆபத்துக் காலம்தான். பிறந்த தேதியை வைத்து ‘வளர்ச்சி முடிந்திருக்கும்’ என்று கண்காணிப்பை விடாதீர்கள், எலும்பு வயதை வைத்து முடிவெடுங்கள்.

கண்காணிப்பு நாளில் இடுப்பு மூட்டையும் அசைத்துப் பாருங்கள். தொடை அல்லது முழங்கால் வலியோடு நொண்டினால் தொடை எலும்பின் தலை நழுவியிருக்கலாம். முதுகு கோணலால் நடை மாறியிருக்கிறது என்று தள்ளிப்போடக் கூடாது. அன்றே இரண்டு இடுப்புக்கும் படம், அதுவரை காலை ஊன்ற வேண்டாம்.

சிறார்_மருத்துவ_மாணவி:

பிரேடர்–வில்லி குழந்தைக்கும் இதே முறைதானா? அங்கே வளைவு இன்னும் அதிகம் என்கிறார்களே, ஊசியே வேண்டாம் என்று சில இடங்களில் சொல்கிறார்கள்.

சுரப்பி_டாக்டர்:

ஸ்கோலியோசிஸ் இருப்பதால் பிரேடர்–வில்லிக்கு ஊசி மறுக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தில் குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வில் ஊசி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வளைவு தொடங்குவதிலோ கூடுவதிலோ வித்தியாசம் தெரியவில்லை. அங்கே ஊசி உயரத்துக்கு மட்டுமல்ல, தசையைக் கூட்டிக் கொழுப்பைக் குறைக்கவும்தான். தளர்ந்த தசைதான் குழந்தைப் பருவத்திலேயே முதுகை ‘சி’ போல வளைக்கிறது என்பதால் ஊசியை மறுப்பது எதிர்த்திசையில் போவதாகக்கூட முடியலாம்.

ஊசிக்கு முன் அங்கே நிஜமாகவே தடுக்க வேண்டியவை வேறு: கடும் உடற்பருமன், மூச்சுக்குழாய் அடைப்பு, தூக்கத்தில் மூச்சு நிற்பது. தூக்க ஆய்வு செய்து, தொண்டை டான்சில் பார்த்து, பிறகுதான் தொடங்க வேண்டும். முதுகைப் பொறுத்தவரை ஸ்கோலியோமீட்டரை நம்ப வேண்டாம், முதுகில் கொழுப்பு இருந்தால் சுழற்சி மறைந்துவிடும். குழந்தை தானாக உட்காரத் தொடங்கியதும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகும் படத்தாலேயே தொடர வேண்டும். முதுகு அறுவை செய்து அதற்குப் பின் மூச்சுத் திணறி வென்டிலேட்டரில் இருக்க நேர்ந்தால் அந்த நாட்களில் ஊசி கூடாது. வார்டில் வழக்கமான மருந்துப் பட்டியலோடு சேர்ந்து அதுவும் போய்க்கொண்டிருக்கும். சீட்டில் அடித்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.