"கதவைச் சாத்தாதீங்க சார்": நிலநடுக்கம் வந்த ஊர்ப் பள்ளிகளில் வேலை பார்த்த நம்மவர்கள்

கெடிலக்கரை (கடலூர்)

வெளிநாட்டு மிஷன் பள்ளிகளில் வேலை பார்த்தவர்கள் யாராவது எழுதுங்கள் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். என்னுடையது நேபாளம். அதை வெளிநாடு என்று சொல்லிக்கொள்ள எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். விசாவும் வேண்டாம், விமானமும் வேண்டாம். சென்னை சென்ட்ரலில் ரப்திசாகர் ஏறி, கோரக்பூரில் இறங்கி, சுனவ்லியில் எல்லையை நடந்தே தாண்டி, அங்கிருந்து ஒரு ராத்திரி பஸ். கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் சபையில் ஒருவர் சொல்லி 2013-இல் போனேன். காத்மாண்டு பள்ளத்தாக்கின் தெற்கு ஓரத்தில், கிறிஸ்தவர்கள் நடத்திய சின்ன ஆங்கிலவழிப் பள்ளி. கணக்கு வாத்தியார் வேலை. மலையாளிகள் இரண்டு பேர், டார்ஜிலிங்காரர்கள் மூன்று பேர், தமிழ் நான் ஒருவன்.

2015 ஏப்ரல் 25 சனிக்கிழமை. அப்போது நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான், ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வகுப்பு நடக்கும். அதனால் அங்கே சபை ஆராதனையும் சனிக்கிழமை. 11.56-க்கு 7.8 அளவில் பூமி ஆடியபோது பள்ளிக்கூடங்கள் காலியாக இருந்தன, சபைகள் நிறைந்திருந்தன. இந்த ஒரு வரியை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கடவுள் காப்பாற்றினார் என்பார்கள், இல்லையென்றால் ஏன் காப்பாற்றவில்லை என்பார்கள். ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே இடிந்து விழுந்த சபைக் கட்டடங்கள் உண்டு. எங்கள் சபைக்குத் தகரக் கூரை. ஏழைச் சபை. நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

தரை எப்படி இருந்தது என்றால், சில்வர் பீச்சில் அலை திரும்பும்போது காலுக்கடியில் மணல் நழுவுமே, அது மாதிரி. நழுவுவது மணல் இல்லை, மலை.

அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை. செத்தவர்கள் ஒன்பதாயிரம் பேர் அளவில். வீடு போனவர்கள் ஐந்து லட்சம் குடும்பங்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு வந்த சாதாரண நாட்களை.

பள்ளிகளைத் திறக்க நாள் குறித்திருந்தபோது மே 12 மத்தியானம் இன்னொன்று வந்தது, 7.3. திறப்பு மறுபடியும் தள்ளிப்போய், கடைசியில் மே 31 ஞாயிற்றுக்கிழமை திறந்தோம். எங்கள் கட்டடம் நின்றிருந்தது. பொறியாளர் வந்து பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். பச்சை என்றால் உள்ளே போகலாம், மஞ்சள் என்றால் பழுது பார்க்க வேண்டும், சிவப்பு என்றால் கிட்டேயே போகக் கூடாது. பிள்ளைகளுக்கு இந்த நிறமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கட்டடத்தைப் பார்த்தார்கள், மைதானத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு பிள்ளையும் படியேறவில்லை.

எனக்கு இது புரியக் கொஞ்ச நாள் பிடித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் நான் தொண்டு வேலை செய்திருக்கிறேன். நம் பிள்ளைகளுக்குக் கடலைப் பார்த்தால்தான் பயம். கடல் பக்கம் முதுகைக் காட்டி உட்காரவைத்தால் பாதிப் பயம் போய்விடும், மாடி வீடு என்றால் முழுசாகவே போய்விடும். இங்கே தலைகீழ். வெட்டவெளிதான் அடைக்கலம், பயமே வீட்டைப் பார்த்துத்தான். வீட்டுக்கு எப்படி முதுகைக் காட்டுவது?

அதனால் மூங்கில் நட்டு, தகரம் போட்டு, மைதானத்திலேயே வகுப்பு. முதல் இரண்டு வாரம் பாடப்புத்தகம் தொடவே இல்லை. பாட்டு, விளையாட்டு, படம் வரைதல். எல்லாப் பிள்ளையும் வீடுதான் வரைந்தது, விரிசலோடு.

மணி அடிப்பதை நிறுத்தினோம். தொங்கும் இரும்புத் துண்டை ஒருமுறை தட்டியதும் மூன்று வகுப்பு எழுந்து ஓடியது. அப்புறம் நேபாளி ஆசிரியை ஒருவர் மாதல் தட்ட ஆரம்பித்தார். மாதல் என்பது நம்ம மத்தளத்துக்குத் தங்கச்சி. பீரியட் முடிந்தால் மாதல். அந்த வருஷம் முழுக்க அதுதான்.

மழை தொடங்கியதும் வேறு வழியில்லாமல் தரைத்தளத்துக்கு வந்தோம். கதவைச் சாத்தக் கூடாது. புத்தகப் பைகள் வழியில் கிடக்கக் கூடாது, சுவரோரம் அடுக்க வேண்டும். கதவுக்குப் பக்கத்து இடத்துக்கு ஒரே அடிதடி. நாலாம் வகுப்பில் ஒரு பெண் காலை ஏழு மணிக்கே வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வாள். கடைசியில் கணக்கு வாத்தியார் மூளையைப் பயன்படுத்தி ஒரு முறைப் பட்டியல் போட்டேன். ஆளுக்கு ஒரு நாள் கதவோர இடம். என் வாழ்க்கையில் நான் போட்ட பட்டியல்களிலேயே மதிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

லாரி போனால் அதிரும். பெஞ்சை இழுத்தால் அதிரும். யாராவது "ஆயோ!" என்று கத்துவார்கள், வந்துவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான், வகுப்பு காலி. சில நேரம் நிஜமாகவே வந்திருக்கும். பின்னதிர்வுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. விடுதியில் மேசைமேல் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வைத்திருப்போம், விழுந்தால் ஓட வேண்டும். பூனை தள்ளிவிட்டு நாற்பது பேர் ராத்திரி இரண்டு மணிக்கு மைதானத்தில் நின்ற கதையும் உண்டு.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான், "சார், 7.8-க்கும் 7.3-க்கும் அரைதானே வித்தியாசம்?" கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. அரை கூடினால் ஐந்தரை மடங்குக்குச் சற்று மேல். மடக்கை (லாகரிதம்) அவ்வளவு கவனமாகக் கேட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. "அப்போ பெரிசு முடிஞ்சுபோச்சு, இனி வர்றதெல்லாம் சின்னதுதானே சார்?" என்றான். ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றும்.

நிவாரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தலைமையாசிரியர் கறாராக ஒரு விதி வைத்திருந்தார்: அரிசி மூட்டையோடு ஒரு துண்டுப்பிரசுரம்கூடப் போகக் கூடாது. வெளியிலிருந்து வந்த ஒரு குழுவுக்கு அதில் கோபம். எனக்குத் தலைமையாசிரியர் பக்கம்தான் நியாயம். பசித்தவன் கையில் சோற்றையும் வேதத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அவன் எதை வாங்கினான் என்று நமக்கு எப்படித் தெரியும்? அந்த வருஷம் வந்த புது அரசியலமைப்பில் மதமாற்றத்துக்குத் தடையும் இருந்தது, அது வேறு விஷயம்.

அரசியலமைப்பு செப்டம்பர் 20-இல் வந்தது. உடனே இந்திய எல்லையில் லாரிகள் நின்றுபோயின. கேஸ் இல்லை, பெட்ரோல் இல்லை, மருந்து தட்டுப்பாடு. பிப்ரவரி வரை இழுத்தது. சிலிண்டரைப் பாதிதான் நிரப்பிக் கொடுத்தார்கள், அதற்கும் வரிசை. விடுதியில் இடிந்த வீடுகளின் உத்தரக் கட்டையை எரித்துச் சமைத்தோம். கடைக்குப் போனால் என் இந்தி உச்சரிப்பைக் கேட்டுக் கடைக்காரர் முகம் மாறும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "உங்க ஊர்ல ஏன் சார் கேஸ் அனுப்ப மாட்டேங்கறாங்க?" என்று கேட்டது. எங்க ஊர் கடலூர், அங்கே கெடிலத்தில் தண்ணீர் வருவதே எங்கள் கையில் இல்லை என்றா சொல்ல முடியும்?

முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

அண்ணா, மணியை நிறுத்தினோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் 2010 செப்டம்பரில் ஹைட்டி போனவள். போர்ட்டோபிரின்ஸில் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி. நம்ம ஊரில் பிரெஞ்சு படித்ததற்கு லிசேவில் (பிரெஞ்சுப் பள்ளியில்) வேலை கிடைக்கவில்லை, ஹைட்டியில் கிடைத்தது.

அதுவரை எனக்குத் தெரிந்த ஒரே நிலநடுக்கம் 2001 செப்டம்பர் 25 ராத்திரி புதுச்சேரிக் கடலுக்குள் வந்ததுதான். அலமாரியில் எவர்சில்வர் தம்ளரெல்லாம் கலகலவென்றது, தெருவில் போய் நின்றோம், அக்கம்பக்கத்தில் பேசிவிட்டுச் சாப்பிட வந்தோம். அங்கே 2010 ஜனவரி 12 சாயங்காலம் 4.53-க்கு வந்தது 7.0. மையம் லியோகான் பக்கம், தலைநகருக்கு மேற்கே கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஜனாதிபதி மாளிகையே உட்கார்ந்துபோனது, கதீட்ரல் இடிந்தது, பேராயரும் இறந்தார்.

அந்த ஊர்க்காரர்கள் நிலநடுக்கம் என்று சொல்லவே மாட்டார்கள். "கூடுகூடு" என்பார்கள், அது வந்த சத்தம். நம்ம குடுகுடுப்பைதான் எனக்கு ஞாபகம் வரும். பேரைச் சொல்லாமல் சத்தத்தைச் சொல்வது, நம் பாட்டிகள் பாம்பை ராத்திரியில் கயிறு என்பார்களே, அந்த மாதிரி.

நான் போனபோது எட்டு மாதம் ஆகியிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் தார்ப்பாய்க் கூடாரத்தில்தான். எனக்கு ஆச்சரியம் எது தெரியுமா? அந்தக் கூடாரங்களிலிருந்து வந்த பிள்ளைகளின் சீருடை. கரி இஸ்திரிப்பெட்டியில் தேய்த்து மடிப்புக் கலையாமல், வெள்ளை சாக்ஸ், தலை நிறைய ரிப்பன். சேற்றைத் தாண்டி ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, பள்ளி வாசலில் கால் கழுவி மாட்டிக்கொள்வார்கள். நான் கசங்கிய சுடிதாரில் நின்று "போன்ஷூர்" சொல்வேன். இரண்டாம் நாளிலிருந்து நானும் இஸ்திரி போட ஆரம்பித்தேன்.

என் கறுப்பு நிறத்துக்கு அங்கே "வெள்ளை" என்று பெயர். வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் "ப்ளான்"தான். ஊரில் பெண் பார்க்க வந்தவர்களிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

அக்டோபரில் காலரா வந்தது. அப்புறம் பாடம் என்பது பாதி கை கழுவுதல். குழாய் வைத்த வாளி, நாலு சொட்டு ப்ளீச், வரிசை. 1-ஆம் தேதி ஜனவரி பூசணி சூப். அடிமைகளாக இருந்தபோது குடிக்க விடாததை 1804-இல் விடுதலை வாங்கி எல்லோரும் குடித்தார்கள் என்பார்கள். நம்ம பரங்கிக்காய்தான். வெளியில் வாளியை வைத்துக் கை கழுவிவிட்டு, பிள்ளைகள் வீட்டுக்கு, அதாவது கூடாரத்துக்குப் போய்க் குடித்தேன். வேண்டாம் என்று மறுக்க முடியவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

தாழங்குடா

எனக்கு வெளிநாட்டு அனுபவம் இல்லை, ஒரு சந்தேகம் மட்டும். 2011 டிசம்பர் 30 அன்று வந்த 'தானே' புயலில் எங்கள் தெருவில் ஓட்டு வீடு, கீற்று வீடு எதுவும் மிஞ்சவில்லை. காங்கிரீட் வீட்டில் பத்துக் குடும்பம் ஒண்டிக்கொண்டோம். அதிலிருந்து எங்கள் அம்மாவுக்கு மச்சு வீடுதான் சாமி. நீங்கள் இரண்டு பேரும் அது ஆளைக் கொன்றது என்கிறீர்கள்?

முத்தியால்பேட்டை

ஆமாம் தம்பி. ஹைட்டியிலும் புயல் அடிக்கும் என்றுதான் காங்கிரீட் கூரை போட்டார்கள். காற்றுக்குத் தாங்கும். ஆனால் கம்பி குறைச்சல், சிமெண்டு குறைச்சல், உள்ளீடற்ற கல்லில் சுவர். மேலே கனம், கீழே பலமில்லை. ஆடினால் தட்டுத் தட்டாக அடுக்கிக்கொள்ளும்.

கெடிலக்கரை

நேபாளத்தில் அதிகம் விழுந்தது மண்சாந்து வைத்துக் கட்டிய கல் வீடும் செங்கல் வீடும். காங்கிரீட்டைக் குறை சொல்ல முடியாது, கட்டும் விதம்தான். புதிதாகக் கட்டியபோது ஜன்னலுக்குக் கீழே ஒரு கம்பிப் பட்டை, மேலே ஒரு பட்டை, கூரைக்கடியில் ஒரு பட்டை என்று சுவரைச் சுற்றிக் கட்டினார்கள், பீப்பாய்க்குப் போடும் வளையம் மாதிரி. 2018-இல் ஊர் திரும்பி வீடு கட்டும்போது எங்கள் மேஸ்திரியிடம் இதைக் கேட்டேன். "சார், நம்ம ஊருக்குக் காத்து வரும், தண்ணி வரும். இது எதுக்கு, கம்பி விலை தெரியுமா?" என்றார். ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் பட்டை மட்டும் சுற்றிவரப் போட்டுக்கொடுத்தார். அம்மாவிடம் சொல்லுங்கள், மச்சு வீட்டைக் கும்பிடலாம், தப்பில்லை.

தாழங்குடா

சரிண்ணே. இன்னொண்ணு. என் தங்கச்சி பி.எட். முடித்திருக்கிறாள், நேபாளத்தில் கேட்டிருக்கிறார்கள். அனுப்பலாமா? சாப்பாடு எப்படி?

கெடிலக்கரை

தாராளமாக அனுப்பலாம். சம்பளம் எந்த ரூபாயில் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நம்ம நூறு ரூபாய்க்கு அங்கே நூற்று அறுபது. தெரியாமல் நான் ஆறு மாதம் பணக்காரனாக இருந்தேன். விடுதி எத்தனை மாடி, இவர்கள் படுப்பது எந்த மாடி என்பதையும் கேட்கட்டும்.

சாப்பாடு இரண்டு வேளையும் பருப்பும் சோறும் கீரையும்தான், குறை இல்லை. மீனுக்குத்தான் ஏங்கிப்போவாள். அதற்கு ஒரு வழி உண்டு. கடையில் சித்ரா என்று சின்னக் கருவாடு விற்கும், நெத்திலிக் கருவாட்டை விடக் கொஞ்சம் கசக்கும். புளிக்குப் பதிலாக லப்சி என்றொரு புளிப்புப் பழம். எல்லையில் லாரிகள் நின்றுபோன நாட்களில் விறகடுப்பில் இரண்டையும் போட்டு ஒரு குழம்பு வைத்தேன். மலையாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து மூன்று தடவை ஊற்றிக்கொண்டார்கள். இருந்தாலும் தங்கச்சியிடம் ஒரு கிலோ புளி கொடுத்தனுப்புங்கள். லப்சிக் குழம்பு மறுநாளைக்கு நிற்காது.