மூச்சை எவ்வளவு நேரம் அடக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன், அக்காமார்களே. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக்காரன். ஞாயிறு சாயங்காலம் கோயில் மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் தியானத்துக்கு உட்காருகிறோம். பாதிப்பேர் முப்பது வருடம் பால்மரம் (ரப்பர்) வெட்டி முட்டி தேய்ந்தவர்கள், அதனால் பத்மாசனமெல்லாம் கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலிதான்.

விஷயம் இதுதான். திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் மூச்சை 16 மாத்திரை (எண்ணும் கால அளவு) இழு, 64 அடக்கு, 32 விடு என்று இருக்கிறது. ஒரு பெரியவர் அப்படியே செய்யப் போய், 40 எண்ணுவதற்குள் கண் சிவந்து இருமத் தொடங்கிவிட்டார், அவருக்கு இரத்த அழுத்தம் வேறு. பயந்துபோய் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டோம்.

என் மகளோ, ஜான் கபட்-சின் என்பவர் 1979இல் அமெரிக்காவில் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சியைச் சொல்கிறாள். மூச்சை அடக்கவே வேண்டாமாம், வந்து போவதைக் கவனித்தால் போதுமாம். சரி, சுலபம்தான். ஆனால் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி, பிராணாயாமம் என்ற மூச்சுப் பயிற்சியை யோகத்தின் நான்காவது அங்கமாக வைத்து, அதற்கு முன்னால் இயமம் (தீயதைத் தவிர்த்தல்), நியமம் (நல்லதைக் கடைப்பிடித்தல்), ஆசனம் என்று மூன்று வைத்திருக்கிறாரே, நாம்தான் நேராக நான்காவதுக்குத் தாவிவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம்.

குருவிடம் முறையாகக் கற்றவர்கள் சொல்லுங்கள்: அறுபது வயது தாண்டியவர்கள் கும்பகத்தை, அதாவது மூச்சை அடக்குவதை, விட்டுவிடலாமா, இல்லை 2, 8, 4 என்று அளவைக் குறைத்துச் செய்யலாமா? ஈப்போ, கோலகங்சார் பக்கம் யாராவது ஒரு ஞாயிறு வந்து காட்டினால் இன்னும் நல்லது. தேத்தண்ணியும் வடையும் எங்கள் பொறுப்பு.