கனடாவின் வினிபெக் பக்கம் யாராவது இருக்கீங்களா?

வணக்கம். கனடாவில் பீவர் என்ற விலங்கின் தோல் வாங்கப் போன வணிகக் கம்பெனிக்காரர்கள், பழங்குடிப் பெண்களை அவர்கள் வழக்கப்படியே மணந்தது பற்றி எழுதுகிறேன். கம்பெனிக்காரருக்கு மாமனார் வழியில் தோல் வரத்து, பெண் வீட்டாருக்குக் கம்பெனிச் சாமான். பனியில் நடக்கக் காலில் கட்டும் மரச்சட்டகத்துக்குத் தோல்வார் பின்னியதும் பேரத்தில் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண்தான்.

1803-இல் தோல் வணிகர் வில்லியம் கொனொலி, க்ரீ என்ற பழங்குடி இனத்து சூசானை மணந்தார். பிள்ளைகுட்டிகளோடு ஏறக்குறைய முப்பது வருடக் குடித்தனம். 1832-இல் சூசானை விட்டுவிட்டு, தன் சொந்தக்காரப் பெண் ஜூலியாவைக் கட்டிக்கொண்டார். சூசானின் மகன் போட்ட வழக்கில் 1867-இல் மாண்ட்ரியல் நீதிமன்றம் முதல் திருமணம் செல்லும் என்றது.

வினிபெக்கில் உள்ள, தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் ஆவணங்களைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: கோட்டை (கம்பெனியின் வணிக நிலையம்) நாட்குறிப்புகளில் மனைவியர் பெயர் வருமா? நேரில்தான் போகணுமா? அப்புறம், அந்தத் தீர்ப்பின் முழு நகல் இருந்தால் அனுப்புங்கள்.