காதுக்குப் பின்னால் கருவி ஒட்டிக்கொண்டு இருந்த நாட்கள் – அனுபவப் பகிர்வு

வெள்ளைப்பூனை

மகளுக்கு 8 வயது, ஆப்சென்ஸ் வகை வலிப்பு, அதாவது கை கால் இழுக்காமல் சில நொடி நினைவு மட்டும் நின்றுபோவது. வலிப்பைக் கண்டுபிடிக்க காதுக்குப் பின்னால் ஒட்டுகிற சின்னக் கருவிக்கான சோதனை. தலை நிறைய வயரோடு வழக்கமான வீடியோ இ.இ.ஜி.யும் (மூளையின் மின்னலைப் பதிவு, கூடவே வீடியோ) ஓடும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். வேகமாக மூச்சு விட்டால் இந்த வலிப்பு வருமாம், காற்றாடி கொடுத்து ஊதச் சொன்னார்கள், ஊதினாள், வலிப்பு அலை வந்தது. அதெல்லாம் சரி.

மறுநாள் டெக்னீஷியன் முந்தைய மாலைப் பதிவைப் போட்டுக் காட்டினார். திரையில் ஒரு பக்கம் என் மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள். பென்சில் நிற்கிறது. இன்னொரு பக்கம் எல்லா வரிகளிலும் ஒரே சமயத்தில், நொடிக்கு 3 என்ற கணக்கில் கூரலைகள் கிளம்புகின்றன. 11 நொடி. அந்த 11 நொடியும் பின்னால் ஒரு பெண் கத்திக்கொண்டே இருக்கிறாள்: “கூப்பிடறது காதுல விழலையா? வேணும்னே பண்றியா?”

என் குரல்தான். டெக்னீஷியன் ஒன்றும் சொல்லாமல் ஒலியைக் குறைத்தார். கருவி இரண்டு காதிலும் சரியாகப் பிடித்திருந்ததாம். அதற்கு அவர்களுக்குச் சந்தோஷம்.

பாதித்தூக்கம்

எனக்கு பல் துலக்கினாலே வலிப்பு! கருவி அப்படித்தான் எழுதிவைத்திருந்தது. 6 நாள், 6 காலை, அதே நேரம். கை ஒரே தாளத்தில் ஆடுகிறது, தாடைத் தசையும் சேர்கிறது, அலையும் அதே தாளத்தில் வருகிறது. பாவம், அது என்ன செய்யும்.

ஆனால் 4-ஆம் நாள் விடிகாலை நாக்கைக் கடித்து, தலையணையில் ரத்தத்தோடு எழுந்தேன். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. இது பதிவாகியிருக்கும் என்று ஆசையாகப் போய்க் கேட்டால் 2:10-லிருந்து வெறும் கோடு. ஒட்டுப்பட்டை வியர்வையில் கழன்று கழுத்தடியில் கிடந்திருக்கிறது. பல் துலக்கியதற்கு 6 பதிவு, உண்மையானதற்கு ஒன்றுமில்லை.

மூன்று_மணி

கணவருக்குத் தூக்கத்தில் வரும். அவருக்குக் கொடுத்தது கைப்பட்டை. அலாரம் என் போனுக்கு வரும். முதல் வாரம் ஒவ்வொரு இரவும் அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் புரண்டு படுத்திருப்பார், இல்லை கொசு கடித்துச் சொறிந்துகொண்டிருப்பார். 9-ஆம் இரவு 3 மணிக்குள் மூன்று முறை அடித்தது. நான்காவது முறை கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அணைத்தேன்.

கட்டில் ஆடியதில்தான் விழித்தேன். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், கொஞ்சத்தில் நின்றுவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறார். அவரிடம் அணைத்ததைச் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

நேர்கோடு

@மூன்று_மணி, தப்பாக நினைக்காதீர்கள், கைப்பட்டை இந்தப் பேச்சிலேயே சேராது. அது மூளையைப் பார்ப்பதே இல்லை. 2018-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. (மருந்து, மருத்துவக் கருவிகளுக்கான அரசு அமைப்பு) அனுமதி கொடுத்த எம்ப்ரேஸ் கைப்பட்டைகூட கை அசைவையும் தோலின் மின்கடத்தலையும் வைத்துத்தான் சொல்கிறது. உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும் வலிப்புக்குச் சரி. வெள்ளைப்பூனையின் மகளுக்குக் கட்டினால் ஆயுசுக்கும் அடிக்காது. அப்புறம், சோதனைக் காலத்தில் அலாரத்தை அணைக்கக் கூடாது என்று படிவத்திலேயே இருந்திருக்குமே?

பாதித்தூக்கம்

@நேர்கோடு, ஒரே இரவில் நாலு முறை எழுந்து பார்த்துவிட்டு வந்து படிவம் பேசுங்கள். பொய் அலாரம் கருவியின் குறை, அவருடையது இல்லை. இப்படி எத்தனை பேர் அணைத்துவிட்டுத் தூங்கினார்கள் என்பதும் சோதனையில் எண்ண வேண்டிய கணக்குதான்.

பழைய_நோயாளி

நான் 72 மணி நேரம் போட்டுக்கொண்டேன், ஒன்றுமே வரவில்லை, கழற்றிய மறுநாள் வந்தது. அவ்வளவுதான் என் கதை.

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முந்தின நாள் தலைக்குக் குளித்துவிடுங்கள், எண்ணெயோ கண்டிஷனரோ வேண்டாம், வழுக்கினால் எலெக்ட்ரோடு நிற்காது. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போடுங்கள், தலைவழியாகக் கழற்றப் போய் வயரையும் சேர்த்துப் பிடுங்கியவன் நான். சூயிங் கம் கூடவே கூடாது. வலிப்பு வரட்டும் என்று வீட்டில் நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் குறைப்பார்கள் என்றால் அங்கே பக்கத்தில் ஆள் இருக்கிறது.

கருவி வந்துவிட்டது, டைரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கருவி சொல்லும் நேரத்தோடு வைத்துப் பார்க்கவாவது டைரி வேண்டும். டைரியை மட்டும் நம்பவும் முடியாது. 2007-இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வில், வீடியோ இ.இ.ஜி.யில் இருந்த 91 பேர் தங்களுக்கு வந்த வலிப்புகளில் 55.5 சதவீதத்தைக் குறிக்கவே இல்லை. தூக்கத்தில் வந்தவற்றில் 85.8 சதவீதம். பொய் சொல்லவில்லை, தெரியவில்லை.

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வகை வலிப்பில் சோதித்தது? நாளைக்கு எத்தனை பொய் அலாரம்? பதிவை ஒருவர் அப்போதே பார்க்கிறாரா, மாதம் கழித்தா? (பலர் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பித் தூங்குகிறார்கள்.) சோதனை முடிந்தபின் என்ன என்பதும் முக்கியம். மெல்பர்னில் 15 பேருக்கு மண்டைக்குள் மின்முனை வைத்து, வலிப்பை முன்கூட்டியே சொல்லும் கருவியைச் சோதித்தார்கள், 2013-இல் முடிவு வெளிவந்தது. நடத்திய நிறுவனத்துக்குப் பணம் தீர்ந்தது, கருவிகளை எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டு நடக்கப் பழகியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

மூன்று_மணி

ஐயா, நான் எதுவும் கேட்கவில்லையே. ஆனால் அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பது எனக்குத்தான். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

வெள்ளைப்பூனை

நேற்று மகளிடம் மெதுவாகக் கேட்டேன், அந்த நேரத்தில் உனக்கு எப்படி இருக்கும் என்று. “ஒண்ணும் இருக்காது” என்றாள். அப்புறம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “நீ நல்லா பேசிட்டே இருப்பே, திடீர்னு கத்துவே. ஏன்னு தெரியாது.”